விற்கப்போகும் காருக்குக் குறுகிய கால இன்சூரன்ஸ்: பிரிட்டனில் கார் விற்பவருக்கு முழு வழிகாட்டி

பிரிட்டனில் பழைய காரை விற்கிறவர்களில் பலர் விலை, விளம்பரம், போட்டோ, பேரம் எல்லாவற்றையும் யோசித்துவிட்டு இன்சூரன்ஸை மட்டும் "அதுதான் இருக்கிறதே" என்று விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் அது இல்லாமல் போயிருக்கும். புதுக் கார் எடுத்த அன்று போன் போட்டு "என் பாலிசியை இந்தப் புது நம்பருக்கு மாற்றுங்கள்" என்று சொல்லியிருப்பீர்கள், அந்த நிமிடத்தோடு வாசலில் நிற்கும் பழைய காருக்குப் பாதுகாப்பு முடிந்துவிட்டது. அது விற்று முடிய இரண்டு வாரமோ இரண்டு மாதமோ ஆகலாம். அந்த இடைவெளியை எப்படி அடைப்பது, யார் பெயரில் எடுப்பது, எவ்வளவு நேரத்துக்கு எடுப்பது என்பதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக இருக்கட்டும். பொதுச் சாலையில் ஓடும் கார், ஏன், சாலையோரம் சும்மா நிற்கும் கார்கூட, குறைந்தபட்சம் மூன்றாம் தரப்புக் காப்பீட்டுடன் (அதாவது உங்கள் காரால் மற்றவருக்கு ஆகும் சேதத்துக்கான காப்பீடு) இருக்க வேண்டும். இது 1988ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 143ஆம் பிரிவு. அதற்கு மேல் 2011 முதல் இன்னொரு விதியும் இருக்கிறது: கார் ஓடுகிறதோ இல்லையோ, அது இன்சூர் செய்யப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் "சாலையில் இல்லை" என்று வாகனப் பதிவையும் லைசென்ஸையும் கவனிக்கும் அரசு அமைப்பான டிவிஎல்ஏவிடம் அறிவித்திருக்க வேண்டும். இந்த அறிவிப்பைத்தான் எல்லோரும் சோர்ன் என்கிறார்கள். இரண்டும் இல்லையென்றால் கார் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்குக் கடிதம் வரும், அப்புறம் 100 பவுண்டு அபராதம், நீதிமன்றம் வரை போனால் 1,000 பவுண்டு வரை.

படி 1: கார் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

எல்லாமே இதில்தான் தொடங்குகிறது. வீட்டுக்குச் சொந்த டிரைவ்வேயோ கராஜோ இருந்தால் உங்களுக்கு சோர்ன் என்ற வழி இருக்கிறது. லண்டனில் ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கம் வரிசை வீடுகளில் இருக்கிற நம்மவர்கள் பலருக்கு டிரைவ்வே கிடையாது, பர்மிட் வாங்கித் தெருவில்தான் நிறுத்துகிறோம். தெருவில் நிற்கும் காருக்கு சோர்ன் போட முடியாது. பர்மிட் இருந்தாலும் அது பொதுச் சாலைதான். அப்படியென்றால் கார் கைமாறும் நிமிடம் வரை அதற்கு இடைவிடாத இன்சூரன்ஸ் வேண்டும், வேறு வழியில்லை.

அடுத்து, காருக்கு இன்று இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று ஊகிக்காமல் பார்த்துவிடுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனங்களின் பொது அமைப்பான மோட்டார் இன்சூரர்ஸ் பியூரோவின் தரவுத்தளத்தில் சொந்தக் காரின் நம்பரைப் போட்டு இலவசமாகவே பார்க்கலாம். பாலிசி முடியும் தேதியையும், தானாகப் புதுப்பிக்கும்படி வைத்திருக்கிறீர்களா என்பதையும் அதே கையோடு குறித்துக்கொள்ளுங்கள். விற்ற காருக்கு இன்னொரு வருடப் பிரீமியம் வங்கியிலிருந்து தானாகப் போனால், அதைத் திரும்ப வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

படி 2: வருடப் பாலிசியை அவசரப்பட்டு ரத்து செய்யாதீர்கள்

என் கருத்து இதுதான்: வருடப் பாலிசி இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் விற்கும் வரை அதை அப்படியே விடுங்கள். சில வாரங்களுக்கான பிரீமியத்தை மிச்சம் பிடிக்க ரத்து செய்வதில் லாபம் கொஞ்சம், சிக்கல் அதிகம். ரத்துக் கட்டணம் இருக்கும். அந்த வருடத்தில் கிளெய்ம் ஏதாவது செய்திருந்தால் பொதுவாக மீதிப் பணம் திரும்பி வராது, தவணையில் கட்டுபவர்கள் மீதித் தவணைகளையும் கட்ட வேண்டியிருக்கும்.

புதுக் கார் வந்துவிட்டது, பாலிசியை அதற்கு மாற்றியே ஆக வேண்டும் என்றால், மாற்றுவதற்கு முன் இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "பழைய காரை விற்கும் வரை சில நாட்களுக்கு அதையும் சேர்த்து வைக்க முடியுமா?" சில நிறுவனங்கள் சிறு கட்டணத்துக்குச் செய்து கொடுக்கும், சில முடியாது என்று சொல்லிவிடும். கேட்காமல் தானாக யாரும் கொடுப்பதில்லை. முடியும் என்றால் எந்தத் தேதி, எந்த நேரம் வரை என்பதை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 3: சோர்னா, குறுகிய கால பாலிசியா?

டிரைவ்வே இருப்பவர்களுக்கு சோர்ன் இலவசம், ஆன்லைனில் சில நிமிட வேலை, மீதியிருக்கும் முழு மாதங்களுக்கான வாகன வரியும் திரும்ப வரும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சோர்ன் போட்ட காரை வாங்க வருபவர் ஓட்டிப் பார்க்க முடியாது. டிரைவ்வேயில் இன்ஜினை ஸ்டார்ட் செய்து சத்தம் கேட்கலாம், அவ்வளவுதான். ஓட்டிப் பார்க்காமல் நல்ல விலை கொடுக்கிறவர்கள் குறைவு. அவருக்காக மறுபடி வரி கட்டினால் அந்த மாதத்தின் 1ஆம் தேதியிலிருந்தே கணக்கு வைப்பார்கள், 25ஆம் தேதி கட்டினாலும் முழு மாதத்துக்கும் போகும். அதனால் ஒரு மாதத்துக்குள் விற்றுவிடும் என்று தோன்றினால் சோர்ன் போட வேண்டாம் என்றுதான் சொல்வேன். கார் ரிப்பேரில் கிடக்கிறது, ஊருக்குப் போகிறோம், வந்துதான் விற்கப்போகிறோம் என்றால் சோர்ன் சரி.

சோர்ன் போட்ட காரைச் சாலையில் ஓட்டினால் அபராதம் 2,500 பவுண்டு வரை போகலாம். முன்பதிவு செய்த எம்ஓடி சோதனைக்கு (கார் சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் கட்டாயச் சோதனை) ஓட்டிப் போவது மட்டும் விலக்கு, அதற்கும் இன்சூரன்ஸ் கட்டாயம். ஒரு மணி நேரப் பாலிசி ரொம்ப உதவுகிற இடம் இது. ஆனால் எம்ஓடி முடிந்துபோன காரையும் வரி இல்லாத காரையும் எல்லா நிறுவனமும் ஏற்பதில்லை, வாங்கும் முன் விதியைப் படியுங்கள்.

படி 4: குறுகிய கால பாலிசி வாங்குவது

இதில் பெயர் தெரிந்த சேவைகள் சில இருக்கின்றன: குவ்வா, டேஇன்ஷூர், டெம்ப்கவர், கோஷார்ட்டி, வீகோ. பொதுவாக ஒரு மணி நேரம் முதல் 28 நாள் வரை எடுக்கலாம், சிலவற்றில் அதற்கும் மேல். பெரும்பாலும் காம்ப்ரிஹென்சிவ் பாதுகாப்புதான் கிடைக்கும், அதாவது ஓட்டுபவர் இடித்தால் எதிரில் உள்ளவரின் சேதத்தோடு உங்கள் காரின் சேதத்துக்கும் சேர்த்து. காரின் நம்பர், ஓட்டுபவரின் பெயர், பிறந்த தேதி, முகவரி, லைசென்ஸ் எண், தொடங்கும் நேரம், முடியும் நேரம், இவ்வளவுதான் கேட்பார்கள். பணம் கட்டியதும் சான்றிதழ் மின்னஞ்சலுக்கு வந்துவிடும்.

விலை வயது, முகவரி, காரின் வகை, எத்தனை வருடமாக லைசென்ஸ் வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும். காலம் கூடக்கூட ஒரு நாளுக்கான விலை இறங்கும், அதனால் ஒவ்வொரு நாளும் தனியாக வாங்குவதைவிட ஒரே பாலிசியாக ஒரு வாரம் எடுப்பது மலிவு. அதேசமயம் 28 நாள் பாலிசியை மாதாமாதம் தொடர்ந்தால் வருடப் பாலிசியைவிட அதிகமாகிவிடும். இரண்டு மூன்று இடத்தில் விலை பார்த்துவிட்டு, அதே நேரத்தில் எக்செஸ் எவ்வளவு என்றும் பாருங்கள். விலை குறைவாகத் தெரிகிற பாலிசியில் எக்செஸ் பல நூறு பவுண்டாக இருக்கும், அதாவது விபத்து நடந்தால் அந்த அளவுக்குப் பணம் ஓட்டியவர் கையிலிருந்தே போகும்.

சான்றிதழ் வந்ததும் காரின் நம்பரை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். ஒரு எழுத்து மாறினால் நீங்கள் இன்சூர் செய்தது வேறு யாருடைய காரையோ. தொடங்கும் நேரத்தையும் பாருங்கள், காலை 10க்குப் பதில் இரவு 10 என்று போட்டுவிட்டு டெஸ்ட் டிரைவுக்குப் போனால் அந்த நேரத்தில் பாலிசியே இல்லை. இவ்வளவு குறுகிய பாலிசிகள் தொடங்கிவிட்டால் பொதுவாகப் பணம் திரும்ப வராது, ஆகவே டெஸ்ட் டிரைவுக்கான பாலிசியை, காரை வாங்க வருபவர் உண்மையில் வந்து வாசலில் நின்ற பிறகு எடுப்பதே நல்லது. ஐந்து பத்து நிமிட வேலைதான்.

தெருவில் காரை நிறுத்துகிறவர்கள் கூடுதலாக ஒன்றைக் கேட்க வேண்டும்: இந்தப் பாலிசியை மோட்டார் இன்சூரர்ஸ் பியூரோவின் தரவுத்தளத்தில் ஏற்றுவீர்களா, எப்போது? ஒரு சில நாள் பாலிசிகள் அதில் தாமதமாகத் தெரியும், சில தெரியாமலே போகும். போலீஸ் கேமராவும் டிவிஎல்ஏவும் பார்ப்பது அதைத்தான். சான்றிதழை போனில் சேமித்து வைத்திருங்கள், நிறுத்திக் கேட்டால் காட்டலாம்.

அப்புறம், இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப், பேஸ்புக், டிக்டாக்கில் "நம்ம ஆள்தான், பாதி விலைக்கு இன்சூரன்ஸ் போட்டுத் தருவார்" என்று ஒரு நம்பர் சுற்றும். இந்த ஊரில் இதற்கு கோஸ்ட் புரோக்கிங் என்று பெயரே இருக்கிறது. போலிச் சான்றிதழைத் தயாரித்துக் கொடுப்பார்கள், அல்லது உண்மையான பாலிசியைப் பொய்யான முகவரி, பொய்யான வயது போட்டு எடுத்துக் கொடுப்பார்கள், அல்லது எடுத்த கையோடு ரத்து செய்து பணத்தைத் தாங்கள் வாங்கிக்கொள்வார்கள். மாட்டுவது காரை ஓட்டியவர்தான். ஊருக்குப் புதிதாக வந்தவர்களும் மாணவர்களும் மொழி வசதிக்காகவே இவர்களிடம் போகிறார்கள் என்பது வேதனையான விஷயம். பணம் கட்டும் முன், நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் அமைப்பான எஃப்சிஏவின் பதிவேட்டில் அந்த நிறுவனத்தின் பெயரைத் தேடிப் பாருங்கள். பேசுகிறவரின் பெயரும் போன் நம்பரும் அங்கே இருப்பதோடு ஒத்துப்போகவில்லை என்றால் விலகிவிடுங்கள்.

படி 5: டெஸ்ட் டிரைவ்

விற்பவருக்கு அதிக ஆபத்து இந்த இருபது நிமிடத்தில்தான். உங்கள் வருடப் பாலிசி உங்களுக்கும் அதில் பெயர் சேர்த்தவர்களுக்கும் மட்டும்தான். முன்பின் தெரியாத ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது அந்தப் பாலிசி அவருக்குப் பொருந்தாது, யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்கிற பாலிசி எடுத்திருந்தால் ஒழிய. இன்சூரன்ஸ் இல்லாதவரை ஓட்ட விடுவது, ஓட்டுவதைப் போலவே குற்றம். ஆறு முதல் எட்டு தண்டனைப் புள்ளிகள் லைசென்ஸில் ஏறும், நான்கு வருடம் அங்கேயே இருக்கும், நீதிமன்றம் விதிக்கும் அபராதத்துக்கு உச்சவரம்பு கிடையாது. "அவரிடம் இன்சூரன்ஸ் இருக்கிறது என்று நினைத்தேன்" என்று சொல்லித் தப்ப முடியாது. லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகாதவர்களுக்கு இது இன்னும் கடுமை: ஆறு புள்ளி ஏறினாலே லைசென்ஸ் ரத்தாகி, மறுபடி தியரி, பிராக்டிகல் என்று முதலிலிருந்து வர வேண்டும்.

வாங்க வருபவர்களில் பாதிப்பேர் "என் பாலிசியில் வேறு கார் ஓட்டலாம்" என்பார்கள். உண்மையாக இருக்கலாம், ஆனால் வாய் வார்த்தையாக ஏற்காதீர்கள். சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், அந்த வரி அதில் எழுதியிருக்க வேண்டும். 25 வயதுக்குக் குறைவானவர்களுக்குப் பெரும்பாலும் அந்த வசதி கிடையாது. பாலிசியின் சொந்தக்காரருக்குத்தான் அது, கூடுதலாகப் பெயர் சேர்க்கப்பட்ட கணவனுக்கோ மனைவிக்கோ இல்லை. அந்த வேறு காருக்குச் சொந்தமாக இன்சூரன்ஸ் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் பல பாலிசிகளில் உண்டு, ஆக நீங்கள் ஏற்கெனவே ரத்து செய்திருந்தால் அவருடையதும் செல்லாது. எல்லாம் சரியாக இருந்தாலும் அது பொதுவாக மூன்றாம் தரப்புக்கு மட்டும்தான். அவர் உங்கள் காரைச் சுவரில் மோதினால் சுவருக்குப் பணம் கிடைக்கும், காருக்குக் கிடைக்காது.

ஆகவே நான் சொல்வது: வாங்க வருபவர் தன் பெயரில் ஒன்றிரண்டு மணி நேரப் பாலிசி எடுக்கட்டும். இது உங்கள் பாலிசியிலிருந்து முற்றிலும் தனி, அவர் இடித்தால் கிளெய்ம் அவருடைய பாலிசியில் போகும், வருடக்கணக்காகச் சேர்த்த உங்கள் நோ கிளெய்ம்ஸ் போனஸ் (கிளெய்ம் செய்யாத வருடங்களுக்கான பிரீமியத் தள்ளுபடி) தொடாமல் இருக்கும். இதை அவர் வருவதற்கு முன்பே, போனில் பேசும்போதே சொல்லிவிடுங்கள்: "ஓட்டிப் பார்க்கலாம் அண்ணா, ஆனால் ஒரு மணி நேர இன்சூரன்ஸ் எடுத்துக்கொண்டு ஓட்டுங்கள், எக்செஸ் உங்கள் பொறுப்பு." சீரியஸாக வாங்க வருபவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். அவர் தயங்கினால், கார் பிடித்து வாங்கினால் அந்தப் பணத்தை விலையில் கழித்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். எக்செஸ் பற்றிப் பேசியதை ஒரு மெசேஜாகவும் அனுப்பி, அவரிடம் "சரி" என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பாலிசி எடுக்க அவருக்குத் தேவை காரின் நம்பர் மட்டும்தான். லாக்புக் (காரின் பதிவுச் சான்று) எண்ணைக் கேட்டால் கொடுக்க வேண்டாம், விளம்பரப் படங்களிலும் அது தெரியக்கூடாது. வி5சி என்ற அந்த லாக்புக்கில் இருக்கும் 11 இலக்க எண்ணை வைத்துத்தான் உரிமை மாற்றமே நடக்கிறது.

லைசென்ஸைக் கண்ணால் பாருங்கள். சந்தேகம் இருந்தால் அரசு இணையதளத்தில் அவரையே ஒரு செக் கோட் எடுத்துத் தரச் சொல்லலாம், அது 21 நாள் செல்லும், ஒருமுறைதான் பயன்படும். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ புதிதாக வந்தவர் என்றால் அந்த நாட்டு லைசென்ஸை வைத்து இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் வரை ஓட்டலாம், அதன் பிறகு பிரிட்டிஷ் லைசென்ஸ் எடுத்தாக வேண்டும். குறுகிய கால நிறுவனங்களில் சில மட்டுமே வெளிநாட்டு லைசென்ஸை ஏற்கின்றன. ஏற்காத இடத்தில் "பிரிட்டிஷ் லைசென்ஸ்" என்று தட்டிவிட்டு எடுத்தால் விபத்து நேரத்தில் பாலிசி கைவிட்டுவிடும். சொந்தக்காரப் பையன், தெரிந்த தம்பி என்று விட்டுக்கொடுக்காதீர்கள். ஏற்கிற நிறுவனம் கிடைக்கவில்லையா, நீங்கள் ஓட்டுங்கள், அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும், அல்லது லைசென்ஸ் உள்ள நண்பரை அழைத்து வரட்டும்.

ஓட்டும்போது நீங்களும் காரில் இருங்கள். இடம் மாறி உட்காரும்போது சாவி உங்கள் கையில் இருக்கட்டும். சாவியை வைத்துவிட்டு இறங்கிய காரை ஒருவர் ஓட்டிக்கொண்டு போய்விட்டால், அதைத் திருட்டாக ஏற்காமல் இழப்பீடு தர மறுக்கும் விதிகள் பல பாலிசிகளில் உண்டு. இருவராக வந்து ஒருவர் உங்களிடம் பேச்சுக் கொடுக்க, மற்றவர் கூலன்ட் தொட்டியில் எண்ணெயை ஊற்றிவிட்டு "இன்ஜின் போச்சு" என்று விலையை அடிமட்டத்துக்கு இறக்கும் மோசடியும் இங்கே நடக்கிறது. பானட் திறந்திருக்கும்போது கண்ணை எடுக்காதீர்கள்.

படி 6: கைமாறும் நாள்

பணம் வந்ததா என்பதை உங்கள் வங்கி ஆப்பில் நீங்களே திறந்து பாருங்கள், அவர் போனில் காட்டும் ஸ்கிரீன்ஷாட் கணக்கில் சேராது. வந்த பிறகு டிவிஎல்ஏ இணையதளத்தில் விற்றதைப் பதிவு செய்யுங்கள், வழக்கமாக இந்தச் சேவை காலை 7 முதல் மாலை 7 வரைதான், அதனால் இரவு எட்டு மணிக்கு விற்பனையை வைத்துக்கொள்ளாதீர்கள். லாக்புக்கின் பச்சைச் சீட்டைக் கிழித்து அவரிடம் கொடுங்கள், மீதியை நீங்கள் அழித்துவிடலாம். விற்றதை டிவிஎல்ஏவிடம் சொல்லாமல் விட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம்.

இந்த நிமிடத்திலிருந்து உங்கள் இன்சூரன்ஸும் வாகன வரியும் அந்தக் காருக்கு உதவாது. 2014 அக்டோபர் 1 முதல் வரி காரோடு சேர்ந்து போவதில்லை. வாங்கியவர் பச்சைச் சீட்டில் உள்ள 12 இலக்க எண்ணை வைத்து அங்கேயே போனில் வரி கட்ட வேண்டும், இன்சூரன்ஸும் தன் பெயரில் எடுக்க வேண்டும், அப்புறம்தான் கார் நகர வேண்டும். டெஸ்ட் டிரைவுக்கு எடுக்கும்போதே ஒரு நாள் பாலிசியாக எடுத்தால் வீட்டுக்கு ஓட்டிப் போகவும் அதுவே ஆகலாம், உரிமை மாறினாலும் செல்லுமா என்று மட்டும் விதியில் பார்த்துக்கொள்ளட்டும். "உங்கள் இன்சூரன்ஸில் இன்று ஒரு நாள் ஓட்டிக்கொள்கிறேன்" என்று கேட்டால் முடியாது என்று நேராகச் சொல்லிவிடுங்கள், கார் இப்போது உங்களுடையது இல்லை.

ரசீது இரண்டு பிரதி எழுதுங்கள். பெயர், முகவரி, கார் நம்பர், மைலேஜ், விலை, இருவர் கையெழுத்து, தேதியோடு நேரமும். நேரம் எதற்கு என்றால், அன்று மாலையே அவர் கேமராவில் வேகமாகப் போய் மாட்டலாம், லண்டனில் புகை அளவு விதியை நிறைவேற்றாத காராக இருந்தால் யூலெஸ் என்ற மாசுக் கட்டணம் ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு விழும், நோட்டீஸ் முதலில் உங்கள் பெயருக்கு வரக்கூடும். நேரம் எழுதிய ரசீது இருந்தால் ஒரு கடிதத்தில் முடியும்.

ஆன்லைனில் கார் வாங்கும் நிறுவனத்துக்கோ டீலருக்கோ விற்கிறீர்கள் என்றால் டெஸ்ட் டிரைவ் தலைவலி இல்லை, அவர்களுக்கு வணிகப் பாலிசி இருக்கும். ஆனால் அவர்கள் இடத்துக்கு ஓட்டிப் போகும் வரை உங்களுக்கு வேண்டும், அதற்கு ஒரு மணி நேரப் பாலிசி போதும். டிவிஎல்ஏ தளத்தில் வணிகருக்கு விற்றேன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். லாபத்துக்காகக் கார்களை வாங்கி விற்கிறவர்களுக்கு இந்தக் குறுகிய கால பாலிசிகள் பொருந்தாது, அவர்களுக்கு வணிகப் பாலிசி கட்டாயம்.

படி 7: விற்ற பிறகு

டிவிஎல்ஏ உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் வந்த பிறகு வருடப் பாலிசியை ரத்து செய்யுங்கள் அல்லது புதுக் காருக்கு மாற்றுங்கள். வங்கியில் டைரக்ட் டெபிட்டை மட்டும் நிறுத்திவிட்டு இருந்துவிடாதீர்கள். அப்படிச் செய்தால் பாக்கி வைத்ததாகக் கருதி நிறுவனமே பாலிசியை ரத்து செய்யும், அது பதிவாகிவிட்டால் அடுத்த இன்சூரன்ஸ் எடுக்கும்போது "உங்கள் பாலிசி எப்போதாவது ரத்து செய்யப்பட்டதா" என்ற கேள்விக்கு ஆம் என்று சொல்ல வேண்டிவரும், விலை ஏறும்.

வாகன வரியில் மீதியிருக்கும் முழு மாதங்களுக்கான பணம் லாக்புக்கில் இருக்கும் பெயருக்கும் முகவரிக்கும் தானாக வரும், அதனால் வீடு மாறியவர்கள் முகவரியை முன்பே திருத்தியிருக்க வேண்டும். கணக்கு தொடங்குவது நீங்கள் சொன்ன தேதியிலிருந்து, ஆகவே மாதக் கடைசியில் விற்றால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் அன்றே பதிவு செய்யுங்கள், ஒரு நாள் தள்ளினால் ஒரு மாத வரி போய்விடும்.

கடைசியாக, பழைய நிறுவனத்திடம் நோ கிளெய்ம்ஸ் போனஸுக்கான சான்றைக் கேட்டு வாங்குங்கள். உடனே வேறு கார் வாங்கவில்லை என்றாலும் பொதுவாக இரண்டு வருடம் வரை அதை ஏற்பார்கள். நடுவில் எடுக்கும் ஒரு மணி நேர, ஒரு வார பாலிசிகளால் இந்த போனஸ் கூடவும் செய்யாது, இரண்டு வருடக் கணக்கு நிற்கவும் செய்யாது, அதனால் சான்றில் இருக்கும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.